பதினாறு ஃபேடர்களுக்குச் சந்தனம்

ஆயுத பூஜையன்று காலையில் குருசாமி ஒலிப்பதிவு அறையைத் திறந்தான். அவனுடைய நான்கு நாள் உழைப்பு பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

கன்சோலின் மேல் ஒரு தூசி இல்லை. பதினாறு ஃபேடர்களும் அடிமட்டத்துக்கு இழுக்கப்பட்டு, பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மேலே இருந்த நூற்றுச் சொச்சம் குமிழ்களும் ஒரே திசையைப் பார்த்தன. இரண்டு மீட்டர்களின் கண்ணாடியிலும் பெரிய பொட்டு. ஓரத்தில் செவ்வந்திச் சரம்.

விவரம் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். தெரியாதவர்களுக்காக: ஒரு பாட்டைப் பதியும்போது குரல் ஒரு தடத்தில் இருக்கும், தவில் வேறொன்றில், வயலின் இன்னொன்றில். எல்லாவற்றையும் அளவு பார்த்துக் கலந்து ஒரே பாட்டாக்குகிற மேசைதான் கன்சோல். தடத்துக்கு ஒரு ஃபேடர். மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். அந்தக் காலத்துக் கன்சோலுக்கு ஞாபகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. எது எங்கே நிற்கிறதோ அதுவே ஞாபகம். நகர்த்தினால் போயிற்று.

நகர்த்தியிருந்தார்கள். ஃபேடர்களுக்கு அடியில் ஒரு காகித நாடா ஒட்டி, எது எந்த வாத்தியம், எந்த இடத்தில் எவ்வளவு ஏற வேண்டும் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தான். அதையும் காணோம். மண்ணெண்ணெய் வாசனை மட்டும் இருந்தது.

"மயிலக்கா!"

பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்குத் தலைவியான மயிலாள் வந்தாள். புதுச்சேலை. கையெல்லாம் சந்தனம்.

"ஏஞ்சாமி? நல்லா இருக்குதுங்களா?"

"யாருக்கா இதைத் தொடச்சது?"

"நாந்தானுங்க. அட, அழுக்குன்னா அழுக்கு, அப்பிடியொரு அழுக்கு. ஒரு பொத்தான் மேல, ஒரு பொத்தான் கீழ, திருகாணியெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துட்டு. பூசைக்கு வெக்கற மெசினை அப்பிடியா வெக்கறது? எல்லாத்தையும் ஒரு மட்டமா இழுத்து உட்டேன். அந்தக் காயிதந்தான் வரமாட்டீங்குது. மண்ணெண்ணெய் போட்டுத்தான் எடுத்தேன்."

அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. கம்பெனி வழக்கம் அது. பூஜைக்கு முன்னால் எல்லா மெசினின் கைப்பிடியையும் ஓய்வுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பாதியில் நிற்கிற மெசினுக்குச் சூடம் காட்டினால் வருடம் முழுக்க வேலை பாதியில் நிற்கும் என்று நம்பினார்கள்.

அவன் கலவையை முந்தின நாளே டேப்பில் பதிந்திருக்கலாமே என்றால், அதற்கும் காரணம் உண்டு. திருப்பூர் நல்லூரில் அந்தத் தெரு முழுக்கப் பின்னல் மெசின்கள். அவை ஓடும்வரை மின்சாரம் ஏறி இறங்கும். ஸ்பீக்கரில் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம். தீபாவளி சீசனில் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். தெருவே நிற்கிற நாள் ஆயுத பூஜைதான். எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் நிறுத்தி வைத்து, அமைதியான மின்சாரத்துக்காகக் காத்திருந்தான். மின்சாரம் வந்தது. மற்றது போய்விட்டது.

"தப்புப் பண்ணீட்டனுங்களா?" என்றாள் மயிலாள், அவன் முகத்தைப் பார்த்து.

"இல்லக்கா. விடுங்க."

விட்டுவிடக்கூடிய விஷயமாக அது இல்லை. கம்பெனி முதலாளி லிங்கசாமி, மூன்று வருடம் முன்பு நூல் வாங்கச் சென்னைக்குப் போனார். மூடுகிற பட ஸ்டூடியோ ஒன்றின் சாமான்கள் ஏலத்துக்கு வந்ததைப் பார்த்தார். ஆசை யாரை விட்டது? கன்சோலை லாரியில் ஏற்றி வந்துவிட்டார். நூல் அடுத்த வாரம்தான் வந்தது. பின்னல் கூடத்துக்குப் பக்கத்து அறையில் சுவரெல்லாம் பலகை அடித்து, பின்னால் பனியன் கட்டிங் வேஸ்ட்டை அடைத்தார்கள். அதுபோல் சத்தத்தைக் குடிக்கும் பொருள் வேறில்லை. திருப்பூரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. பிசிக்ஸ் படித்துவிட்டுச் சென்னை ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் எடுபிடியாக இருந்த குருசாமி வந்து சேர்ந்தான். இதுவரை அங்கே பதிந்தவை அம்மன் பாட்டுக் கேசட்டுகள், தியேட்டர் இடைவேளையில் போடுகிற ஜட்டி விளம்பரம், ஒரு கட்சிக்காரரின் தொண்டை கட்டிய பேச்சு.

போன வாரம் முதலாளி சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காத கண்ணு. ஷிப்மென்ட் பொட்டி வெக்க எடமில்லை. இந்தச் சினிமாப் பாட்டு தேறுச்சுன்னாச் சரி. இல்லீன்னா தீவாளி முடிஞ்சதும் இந்த ரூமு குடோனு."

குருசாமிக்கு அந்த அறை வேண்டியிருந்தது. சினிமாவுக்காக அல்ல. மனைவி தமயந்தி மஞ்சள் காமாலையில் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் கொமரலிங்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனால் ஒறம்பரையாக வரும் சொந்தம் ஒவ்வொன்றும் ஒரு ஜாதகத்தோடு வரும். இங்கே கதவைச் சாத்தினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கட்டிங் வேஸ்ட் சத்தத்தைக் குடித்துக்கொண்டது. அவன் சும்மா இருந்தான்.

ஒன்பது மணிக்கு டைரக்டர் பெரியகருப்பன் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். முதல் படம். பாட்டை எடுத்துக்கொண்டு மத்தியான ரயிலில் சென்னைக்குப் போக வேண்டும். மறுநாள் தயாரிப்பாளர் கேட்பார். பிடிக்காவிட்டால் மீதிப் பாட்டுகள் வேறு இடத்துக்குப் போய்விடும். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! என்ன தம்பி இது, மெசினுக்கு வளைகாப்பா?"

"அழிஞ்சுபோச்சுண்ணே."

"எது?"

"கலவை. பாடிப் பதிஞ்ச டேப் பத்திரமா இருக்கு."

"அப்ப இன்னொருக்காக் கலக்கு."

"நாலு நாள் ஆச்சுண்ணே அதுக்கு."

"எனக்கு ரெண்டரைக்கு ரயிலு. நாலு நாளு ரயிலு நிக்குமா?" பெரியகருப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டு வைத்த மீட்டரைப் பார்த்தார். "ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கிறாத. அழிஞ்சதுக்கு எனக்குப் பெருசா வருத்தம் இல்ல."

அவர் முந்தாநாளே சொல்லியிருந்தார். 'எல்லாம் அதது எடத்துல இருக்கு தம்பி. ஆனா பக்கத்துத் தெருக் கல்யாணத்துல பாடுற மாதிரி இருக்கே' என்று. குருசாமி எதையும் மாற்றவில்லை.

லிங்கசாமி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பூசணிக்காய்.

"என்ன கண்ணு, பாட்டு ஆச்சா? பன்னெண்டுக்குள்ள பூசை. சனங்க உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் போகோணும். பஸ்ஸுல தொங்கக்கூட எடங் கெடைக்காது."

"இதுக்கு மட்டும் பூஜையைச் சாயந்தரம் வெச்சுக்கலாங்களா?"

"அதெப்பிடி? சூடம் எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் காட்டோணும். காட்டிட்டா நாளைக்குக் காலைல வரைக்கும் ஒருத்தரும் ஒண்ணையும் தொடப்படாது. ஊசி கூடத் தொடப்படாது."

"அப்ப கன்சோலை விட்டுருங்க. பூஜையே வேண்டாம்."

"பொட்டு வெச்ச பொறவு பூசை இல்லாம உடறதா? நல்லா இருக்குதே நாயம்!" பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரியகருப்பன் எழுந்து இடம் விட, குருசாமி ஸ்டூலில் உட்கார்ந்தான். குமிழ்களைக் கை ஓரளவு அறிந்திருந்தது. தவிலின் அடிச்சத்தம், வயலினின் கூர்மை, அதெல்லாம் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஃபேடர்கள்தான் சிக்கல். பாட்டு ஓடும்போதே அவற்றை ஏற்றி இறக்க வேண்டும். தவில் வரும் இடத்தில் கோரஸ் இறங்க வேண்டும். கோரஸ் ஏறும்போது புல்லாங்குழல் ஒதுங்க வேண்டும். கை இரண்டுதான். தனியாளாகச் செய்வதென்றால் பாட்டைத் துண்டு துண்டாகப் பதிந்து, டேப்பை வெட்டி ஒட்ட வேண்டும். அதுதான் அவன் வழக்கம். அதற்குப் பகல் முழுக்க வேண்டும்.

கதவருகில் நிழல்கள். செக்கிங்கும் தையலும் பின்னலும் புதுத்துணியில் பொரி தின்றபடி நின்றன.

"ஏனுங்க மாஸ்டர்," என்றான் கன்னையன். பின்னல் மெசின் ஆப்பரேட்டர். வாய் சும்மா இருக்காது. "நாங்க புடிச்சா ஆகாதுங்களா?"

"நீ புடிச்ச மெசினு எது உருப்பட்டுது?" என்றாள் ஓவர்லாக் தைக்கும் மருதாள்.

"அழிச்சது நானு. நாந்தான் புடிப்பேன்," என்று மயிலாள் முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அந்த அறைக்குள் ஒருவரையும் விடுவதில்லை என்பது குருசாமியின் சட்டம். கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு நகர்ந்து இடம் விட்டான்.

குரலும் கோரஸும் மயிலாளுக்கு. தவிலும் பம்பையும் கன்னையனுக்கு. வயலினும் புல்லாங்குழலும் மருதாளுக்கு. மீதி அவனுக்கு. டேப் மெசின்களை ஓட விடுவது பெரியகருப்பன் பொறுப்பு. எது எந்த ஃபேடர் என்று தெரிய வேண்டுமே, நாடா போய்விட்டதே என்று குருசாமி தேடியபோது, மருதாள் ஓடிப்போய் ஒரு பிடி சைஸ் லேபிள் கொண்டுவந்தாள். தவிலுக்கு எக்ஸ்எல். குரலுக்கு லார்ஜ். புல்லாங்குழலுக்கு ஸ்மால்.

"பம்பைக்கு?" என்றான் கன்னையன்.

"கொழந்தை சைஸு. நீ ஓவராத்தான் ஏத்துவே, அதுக்குத்தான்."

அடுத்து மீட்டர். முள் எந்த எல்லையைத் தாண்டக்கூடாதோ, அங்கேதான் மயிலாள் பொட்டு வைத்திருந்தாள். துடைக்கப் போனவன் நிறுத்தினான்.

"முள்ளு பொட்டைத் தொடக்கூடாது. தொட்டா சத்தம் கிழியும். அவ்வளவுதான்."

"சாமி குத்தமும் ஆகும்," என்றாள் மயிலாள்.

பாட்டு ஓடும்போது கத்திச் சொல்ல முடியாது; அவன் கேட்க வேண்டும். அதற்கு அவர்களிடமே வழி இருந்தது. பின்னல் கூடத்தின் இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. விரல்களைச் சுண்டினால் நூல் அறுந்தது. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் நூலைத் தளர்த்து. சுட்டுவிரலால் சுருட்டினால் இறுக்கு. சத்தத்துக்கும் அதே சைகைகள் என்று முடிவாயிற்று. தளர்த்தினால் குறை, இறுக்கினால் கூட்டு.

"ஓட்டவா?" என்றார் பெரியகருப்பன்.

முதல் ஓட்டம். பல்லவி தாண்டவில்லை. தவில் வந்ததும் கன்னையனுக்குக் குஷி பிறந்துவிட்டது. எக்ஸ்எல்லைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டான். முள் பொட்டில் போய் மோதி நின்றது.

"எருமை!" என்றாள் மருதாள். "என்ன, சாமி ஊர்வலமா வருது?"

"தவுலுன்னா எச்சா இருந்தாத்தானே அழகு?"

"அது பாட்டு. உன்ற கண்ணாலமில்ல."

"என்ற கண்ணாலத்துக்கும் நீ வரத்தான போறே."

"வந்து தவுலை நிறுத்துவேன்."

கூட்டம் சிரித்தது. குருசாமிக்கும் வாயோரம் இழுத்தது. அவன் திரும்பி டேப்பைச் சுற்றினான்.

இரண்டாவது ஓட்டம். கன்னையன் நல்ல பிள்ளையாக இருந்தான். சரணத்துக்கு முன் வயலின் ஏற வேண்டிய இடம் வந்தது, ஏறவில்லை. குருசாமி விரலைச் சுருட்டினான். மருதாள் கன்னத்தில் கை வைத்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருதா!"

"ஐயோ, மறந்தே போயிட்டனுங்க. நல்லா இருந்துச்சா, கேட்டுட்டே இருந்துட்டேன்."

பெரியகருப்பன் சந்தோஷமாகத் தொடையில் தட்டினார். "நல்லா இருக்குன்னு இந்த ஊருல மொத ஆளு சொல்லீருச்சு. இன்னொருக்கா ஓட்டுவோம்."

மூன்றாவது ஓட்டம் கடைசிவரை போயிற்று. சந்தனம் வியர்வையில் இளகி ஃபேடரில் விரல் வழுக்கியது. மயிலாள் முந்தானையால் பிடித்துக்கொண்டாள். கோரஸ் ஒதுங்கியது, புல்லாங்குழல் நுழைந்தது, எல்லாம் கூடி வந்தது. முடிவில் பாட்டு அப்படியே தூரத்தில் போய் மறைய வேண்டும். அதற்கு ஓரத்தில் இருக்கும் மொத்த ஃபேடரை மெதுவாக இறக்க வேண்டும். எட்டுக் கைகளும் வேலையில் இருந்தன. குருசாமி கையை எடுத்து அதைப் பிடித்த நேரத்தில் அவன் பக்கத்துக் கீபோர்டு பிளிறியது. பாட்டு மறையவில்லை, படியில் தடுக்கி விழுந்தது.

கை ஒன்று குறைந்தது.

"மணி பதினொண்ணரை தாண்டீருச்சு," என்றபடி லிங்கசாமி சூடத் தட்டோடு வந்து நின்றார். "போதும் கண்ணு. ஆனது ஆச்சு. எல்லாரும் வாங்க."

"மொதலாளி," என்றான் குருசாமி. "தட்டைக் கீழே வெச்சுட்டு இப்பிடி வாங்க."

"எதுக்கு?"

"இதைப் புடிங்க. நான் சொன்னதும் இறக்குங்க. மெதுவா. நூல் அறுந்துறாம இறக்கோணும்."

"நானா? எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"வாங்கினது நீங்கதானுங்களே," என்றாள் மயிலாள்.

லிங்கசாமி தட்டைக் கன்னையனின் பொரிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். மூன்று வருடமாக அந்தக் கன்சோல் அவருடையது. அதை அவர் தொட்டது அன்றுதான்.

நான்காவது ஓட்டம்.

பல்லவி. தவில் வந்தது, பொட்டுக்குக் கீழே நின்றது. மருதாள் வயலினை ஏற்றினாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதற்கு முன்னால் பாடகி ஒரு மூச்சு வாங்கினாள்.

குரல் அதிகமாக இருந்தது. மயிலாள் லார்ஜை ஒரு விரல் அகலம் கூடுதலாக ஏற்றியிருந்தாள். குருசாமி உள்ளங்கையைக் கீழே அமுக்கினான். அவள் பார்க்கவில்லை. சுற்றுகிற டேப்பையே பார்த்துக்கொண்டு, வாய்க்குள் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

தமயந்தி மாடிப்படி ஏறி வந்து, பேசுவதற்கு முன் இப்படித்தான் மூச்சு வாங்குவாள். நான்கு நாளும் சரியாக அந்த இடத்தில்தான் அவன் குரலைத் தாழ்த்தியிருந்தான். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், அங்கே வயலின் வருகிறது என்று சொல்லியிருப்பான். நம்பியும் இருப்பான்.

எட்டி அந்த ஃபேடரை அவனே இழுத்திருக்கலாம். கை எட்டும் தூரம்தான். அவன் கையைத் தன் ஃபேடரிலேயே வைத்துக்கொண்டான். குரல் வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து அல்ல, அறைக்குள். பெரியகருப்பன் மெசினில் கை வைத்தபடி அவனைத் திரும்பிப் பார்த்தார். உடனே டேப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோரஸ் சுற்றிச் சுற்றி வந்தது. குருசாமி முதலாளிக்குத் தலையாட்டினான்.

லிங்கசாமி நாக்கைக் கடித்துக்கொண்டு இறக்க ஆரம்பித்தார். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற வேகம். பாட்டு ஒரு தெரு தள்ளிப் போயிற்று. இன்னொரு தெரு. அவர் இன்னும் இறக்கிக்கொண்டிருந்தார். பாட்டே முடிந்துவிட்டது. முடிந்த பிறகு, பதிவு அன்று கோரஸ் பெண்ணொருத்தி மைக் ஓடுவது தெரியாமல் சிரித்த சிரிப்பு லேசாகக் கேட்டது. அப்புறம்தான் ஃபேடர் அடியில் போய்ச் சேர்ந்தது.

"நிறுத்துங்கண்ணே," என்றான் குருசாமி.

"அந்தச் சிரிப்பு," என்றார் பெரியகருப்பன்.

"வெட்டிடலாம்."

"கையை வெட்டுவேன். அது அங்கதான் இருக்கணும்."

"நாந்தான் இறக்குனேன்," என்றார் லிங்கசாமி யாரையும் பார்க்காமல். "வெசயா இறக்கியிருந்தா அந்தச் சிரிப்பு வந்திருக்குமா?"

மயிலாள் பதினாறு ஃபேடர்களையும் மறுபடி அடிமட்டத்துக்கு இழுத்தாள். இந்தத் தடவை குருசாமியைக் கேட்டுவிட்டு இழுத்தாள். கரைந்த பொட்டுகளுக்குப் புதுச் சந்தனம் வைத்தாள். பன்னிரண்டு அடிக்குமுன் சூடம் காட்டியாயிற்று. வாசலில் பூசணிக்காய் சிதறியது. பெரியகருப்பன் டேப்பை மஞ்சள் பையில் போட்டு, பொரிகடலையை மேலே கொட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

விஜயதசமி கழிந்து, தெரு மறுபடி இரைய ஆரம்பித்தது. நான்காம் நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. லிங்கசாமிதான் எடுத்தார். தயாரிப்பாளருக்குப் பாட்டு பிடித்திருந்தது. மீதி மூன்று பாட்டும் இங்கேயே கலக்க வேண்டுமாம். அந்தச் சிரிப்பை யார் யோசித்தது என்று கேட்டாராம்.

"யாருன்னு சொன்னீங்க?" என்றான் குருசாமி.

"எல்லாருஞ் சேர்ந்துதான்னு சொன்னேன்," என்றார் லிங்கசாமி. கொஞ்சம் தாமதித்துச் சொன்னார். ஷிப்மென்ட் பெட்டிகள் மாடிக்குப் போயின. மாடியில் இருந்த கணக்குப்பிள்ளை படிக்கட்டுக்கு அடியில் போனார். அவர் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பாட்டுக்கான டேப் வந்தது. தெரு மறுபடி நிற்கிற தீபாவளி லீவில் பதியலாம் என்று, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்க்கக் குருசாமி அறைக்குள் போய், பழக்கத்தில் கதவைச் சாத்தினான். டேப்பை மாட்டினான். கதவு தட்டப்பட்டது.

லிங்கசாமி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். நேராக வந்து மொத்த ஃபேடருக்கு எதிரே நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் கன்னையன். பின்னால் மருதாள், கையில் ஒரு பிடி லேபிள். கடைசியில் மயிலாள், மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு.

"இந்தப் பாட்டுல தவுலு இருக்குதுங்களா மாஸ்டர்?"

"இல்ல. வீணை."

"அது எச்சா வெக்கலாமுங்களா?"

"எடுத்ததும் ஆரம்பிச்சுட்டான்," என்றாள் மருதாள்.

"நின்னுட்டே எப்பிடிச் சாமி புடிக்கறது?" என்றாள் மயிலாள். "எனக்கு முட்டி வலிக்குதுங்க."

குருசாமி அறையைச் சுற்றிப் பார்த்தான். ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. மூன்று வருடமாக ஒன்றுதான். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, தையல் பிரிவுக்குப் போய் ஸ்டூல்களைத் தூக்கி வந்தான்.